ஏடிஎச்டி என்று தெரிந்த பிறகு: வீட்டிலும் வேலையிலும் என்ன செய்யலாம்

மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் எனக்கு இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியும். ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய் என்பதும் தெரியும். அப்படியும் முன்பெல்லாம் 19-ஆம் தேதி இரவு பத்து மணிக்குத்தான் கை அந்த வேலையைத் தொடும். அதற்கு முந்தைய பத்து நாளும் அதை நினைத்து நினைத்து வயிறு கலங்கும். ஃபைலைத் திறக்க மட்டும் முடியாது.

என் மகனுக்கு ஏழு வயதில் ஏடிஎச்டி, அதாவது கவனத்தையும் துறுதுறுப்பையும் கட்டுப்படுத்தச் சிரமப்படும் நிலை, என்று சொன்னார்கள். மருத்துவர் ஒவ்வொரு அறிகுறியாக விளக்க விளக்க, என் பள்ளிக்கூட நாட்களை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்வதுபோல இருந்தது. அடுத்த வருடம், என் 35-ஆவது வயதில், எனக்கும் அது உறுதியானது. பிள்ளையைக் காட்டப்போய்ப் பெற்றவர் தன்னைக் கண்டுகொள்வது இதில் அடிக்கடி நடக்கும். மரபின் பங்கு அவ்வளவு அதிகம். பெண்களுக்குத் தாமதமாகத் தெரிவதும் வழக்கம்தான். வகுப்பில் ஓடாமல் குதிக்காமல், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தையை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை.

நான் மருத்துவர் இல்லை. இந்தப் பெயரைப் புதிதாகக் கேட்டுக் குழம்பி நிற்பவருக்கு, முதல் சில மாதங்களில் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று ஏங்கியவற்றை எழுதுகிறேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது

தமிழில் இதைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்கிறார்கள். உண்மையில் நம்மிடம் கவனம் நிறையவே இருக்கிறது. பிடித்த வேலை கிடைத்தால் சோறு தண்ணீர் மறந்து மூன்று மணி நேரம் உட்காருவோம். அந்தக் கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவதும், வேண்டாத இடத்திலிருந்து எடுப்பதும்தான் கைவருவதில்லை. டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் மூளையில் செயல்படும் விதத்தோடு இது தொடர்புடையது. உலக அளவில் பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக ஒன்றை வலியுறுத்தி வருகிறார். என்ன செய்யவேண்டும் என்ற அறிவில் இவர்களுக்குக் குறை கிடையாது. அறிந்ததை உரிய நேரத்தில், உரிய இடத்தில் செய்ய முடிவதில்லை என்பதே அது. எனக்கு இந்தக் கருத்துதான் எல்லாவற்றையும் மாற்றியது. "கொஞ்சம் பொறுப்பா இரு" என்று முப்பது வருடம் கேட்டும் ஏன் பலனில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பொறுப்பு வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியுமே. எனக்குத் தேவைப்பட்டது, வேலை நடக்கும் இடத்திலேயே வேலை நடக்கும் நேரத்திலேயே கையைப் பிடித்து இழுக்கும் ஏதோ ஒன்று.

சமையலறையில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்தால் கடுகு, சீரகம், மிளகு, மஞ்சள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். எதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டாம். அதே அலமாரியில் வரிசையாக நிற்கும் எவர்சில்வர் டப்பாக்களில் எதில் உளுந்து, எதில் கடலைப்பருப்பு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். நம் வாழ்க்கையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் அஞ்சறைப் பெட்டி ஆக்குவதே கீழே வரும் எல்லாப் படிகளின் நோக்கமும்.

முதல் படி: உறுதி செய்துகொள்ளுங்கள்

ரீல்ஸ் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பெரியவர்களுக்கான கேள்வித்தாளில் 18 கேள்விகள் உண்டு. முதல் ஆறு கேள்விகளே ஓரளவு சொல்லிவிடும். ஆனால் அது மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான். நோயறிதல் மனநல மருத்துவரின் வேலை. அவர் பார்ப்பது இவை: ஒன்பது கவனக்குறைவு அறிகுறிகள் அல்லது ஒன்பது மிகையியக்க அறிகுறிகளில் 17 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, வேலை என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்கு ஆதாரம் தேடிக்கொண்டு போங்கள். பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள். "புத்திசாலி, ஆனால் கவனம் இல்லை" என்று வருடா வருடம் வெவ்வேறு ஆசிரியர் எழுதியிருப்பார்கள். அம்மாவையோ அக்காவையோ கூட்டிப்போக முடிந்தால் இன்னும் நல்லது. சொல்ல நினைப்பதை முன்னாலேயே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் எதிரில் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.

தைராய்டு கோளாறு, இரத்தசோகை, தூக்கத்தில் மூச்சடைப்பு, மனப்பதற்றம், மனச்சோர்வு எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். அவற்றில் ஏதாவது ஏடிஎச்டியுடன் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அதனால் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் அலைக்கழிக்கிறார்களே என்று எண்ண வேண்டாம்.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும், பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையென்றால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

இரண்டாம் படி: மருந்து பற்றி அச்சமில்லாமல் பேசுங்கள்

எங்கள் வீட்டில் மாத்திரை என்றதும், "பழகிடுமோ கண்ணு?" என்றுதான் அத்தை முதலில் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தியாவில் பெரும்பாலும் எழுதித்தருவது மெத்தில்ஃபெனிடேட் அல்லது அடமாக்ஸெட்டின். முதலாவது 1950-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் மருந்து. எடுத்த அன்றே வேலை செய்யும். சாதாரண வகை நான்கு மணி நேரம் போல, மெல்லக் கரையும் வகை அதைவிட நீண்ட நேரம். இரண்டாவதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ளும்போது அத்தை அஞ்சிய அபாயம் குறைவு. பசி மந்தம், தூக்கம் தள்ளிப்போவது, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறுவது ஆகியவை வரலாம். இதயக் கோளாறு இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

ஒரு நடைமுறைத் தகவல். மெத்தில்ஃபெனிடேட் சட்டப்படி கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. சீட்டில்லாமல் தரமாட்டார்கள், எல்லாக் கடையிலும் இருக்காது. அட்டையில் பத்து மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்த முறைக்கான நாளைக் குறித்துவிடுங்கள். மறதிக்கான மருந்தை வாங்க மறந்துவிடும் கொடுமை எனக்கு இரண்டு முறை நடந்தது.

மருந்து வேண்டாம் என்பவர்களுக்கும், அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. மருந்து எடுப்பவர்களுக்கும் அது உதவும். மாத்திரை எனக்கு ஃபைலைத் திறக்கும் தெம்பைத் தந்தது. எந்த ஃபைல் என்பதை அது சொல்லாது. மீதிப் படிகள் அதற்குத்தான்.

மூன்றாம் படி: வீட்டில் கண்ணுக்குத் தெரிய வையுங்கள்

வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடியுங்கள். வண்டிச் சாவி அங்கே மட்டும்தான். அதற்குக் கீழே ஒரு சின்னத் தட்டு. பர்ஸ், அலுவலக அடையாள அட்டை, கண்ணாடி. மறுநாள் எடுத்துப்போக வேண்டிய எதையும் முந்தின இரவே செருப்பின் மேல் வைத்துவிடுங்கள், செருப்பை நகர்த்தாமல் வெளியே போக முடியாதபடி.

சமையலறையில் எவர்சில்வர் டப்பாக்களுக்கு நான் ஒவ்வொன்றாக ஓய்வு கொடுத்துவிட்டு, உள்ளே இருப்பது தெரியும் டப்பாக்களுக்கு மாறினேன். ஃப்ரிட்ஜிலும் அப்படியே. மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டுக்குப் போன குழம்பு என்னைப் பொறுத்தவரை இல்லாத குழம்பு. குக்கர் விசிலை எண்ணுவதை அடியோடு விட்டேன். இரண்டாவது விசிலில் மனம் எங்கோ போய்விடும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, டைமரில் நிமிடம் வைத்துவிடுகிறேன். பால் அடுப்பில் இருக்கும்வரை சமையலறையை விட்டு நகர்வதில்லை. அதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டேன். அந்த நேரத்துக்கென்று பாத்திரம் அடுக்கும் வேலையை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

மொட்டைமாடித் தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிய காலம் ஒன்று இருந்தது. அதற்கு அலாரம் வைத்துப் பார்த்தேன். அலாரத்தை அணைத்துவிட்டு மோட்டாரை மறந்தேன். கடைசியில் தண்ணீர் நிறைந்ததும் தானே மோட்டாரை நிறுத்தும் கருவியைப் பொருத்தினோம். நினைவூட்டல் மூன்று முறை தோற்ற வேலையில், நினைவே தேவைப்படாத வழி இருக்கிறதா என்று தேடுங்கள். காசு கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்தால் மற்ற செலவைக் குறைத்தாவது வாங்குங்கள்.

மின்கட்டணம் இதில் தனி ரகம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பழக்கமே ஆகாது. மாதாமாதம் வந்தாலாவது கை பழகும். எதெல்லாம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்ய முடியுமோ அதையெல்லாம் அப்படிச் செய்துவிடுங்கள். முடியாதவற்றுக்குத் தினசரி காலண்டர் இருக்கிறது. நாள்தோறும் கிழிக்கும் அந்தக் காலண்டரில், வரவிருக்கும் தேதித் தாளில் முன்கூட்டியே எழுதிவைப்பேன்: "பள்ளிக் கட்டணம்", "சிலிண்டர் பதிவு". அந்த நாள் காலையில் முந்தைய தாளைக் கிழித்தால் என் கையெழுத்தே என்னைப் பார்க்கும். ஃபோன் அறிவிப்பை விரலால் தள்ளிவிடலாம். சுவரில் இருப்பது நாள் முழுக்க நிற்கும்.

நான்காம் படி: நேரத்தைக் கண்ணால் பாருங்கள்

நம்மில் பலருக்கு நேரம் இரண்டே வகை: இப்போது, பிறகு. அடுத்த வாரமும் அடுத்த மாதமும் ஒரே தூரத்தில் தெரியும். அதனால் முள் கடிகாரம் வாங்குங்கள். எண்ணில் 8:40 என்று பார்ப்பதற்கும், முள் ஒன்பதை நோக்கி நகர்வதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. குளியலறை வாசலுக்கு எதிரிலும் ஒன்று மாட்டுங்கள், காலை நேரம் கரைவது அங்கேதான்.

ஒரு வாரத்துக்கு ஒரு சோதனை செய்யுங்கள். குளிக்க எவ்வளவு நேரம், கிளம்ப எவ்வளவு நேரம் என்று முதலில் ஊகத்தை எழுதுங்கள், பிறகு உண்மையில் ஆனதை எழுதுங்கள். "பத்து நிமிஷத்துல கிளம்பிடுவேன்" என்று நான் சொல்லிவந்தது 35 நிமிடமாக இருந்தது. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் என் கணவருக்கு என்மேல் இருந்த கோபம் தணிந்தது. நான் பொய் சொல்லவில்லை, எனக்கே தெரியவில்லை என்பதற்கு அது சாட்சி. அலாரம் வைப்பதானால் போய்ச்சேரும் நேரத்துக்கு வைக்காதீர்கள். கையில் இருப்பதை நிறுத்த ஒன்று, வாசலைத் தாண்ட ஒன்று.

ஐந்தாம் படி: வேலையில்

தொடங்குவதுதான் பாதி யுத்தம், சில நாள் முழு யுத்தமே அதுதான். அதனால் வேலையின் பெயரை எழுதாதீர்கள், முதல் அசைவை எழுதுங்கள். "ஜிஎஸ்டி" என்று எழுதினால் என் மூளைக்கு அது ஒரு மலை. "கொள்முதல் பில் கட்டைப் பிரித்து மேசையில் வை" என்று எழுதினால் கை போகும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலேயே ஆராய்ந்து காட்டிய முறை ஒன்று இதோடு சேரும்: "இது நடந்ததும், இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைப்பது. காலை டீ டம்ளரைக் கீழே வைத்ததும் பில் கட்டைப் பிரிப்பேன். மணி பத்தானதும் என்பதைவிட டீ டம்ளர் நம்பகமானது, ஏனென்றால் அது கையில் இருக்கிறது.

அடுத்தது துணை. சின்ன வயதில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது நினைவிருக்கிறதா? அம்மா எதையும் சொல்லித்தரவில்லை. அங்கே இருந்தார், அவ்வளவுதான். பெரியவர்களுக்கும் அது வேலை செய்கிறது. அலுவலகத்தில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். மாதம் 12-ஆம் தேதி மதியம் அவர் மேசைக்கு எதிரில் என் மடிக்கணினியைக் கொண்டுபோய் உட்காருவேன். அவர் அவர் வேலையைப் பார்ப்பார், நான் என் வேலையைப் பார்ப்பேன். கூடவே, 15-ஆம் தேதி வரைவைக் காட்டுவதாகவும் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். 20-ஆம் தேதி அரசாங்கத்தின் கெடு. 15-ஆம் தேதி அக்காவின் கெடு. அக்காவின் கெடுவைத்தான் நான் தவறவிட்டதே இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் நண்பரோடு வீடியோ அழைப்பைத் திறந்துவைத்து, ஒலியை அணைத்துவிட்டு வேலை செய்யலாம்.

25 நிமிட வேலை, ஐந்து நிமிட ஓய்வு என்ற முறையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். 1980-களில் இத்தாலியர் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்து உருவாக்கியது அது. செய்து பாருங்கள், ஆனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். எனக்குத் தொடங்கும் நாளில் பத்து நிமிடமே போதும். ஓட்டம் பிடித்துவிட்டால் 25-ஆவது நிமிடத்தில் நிறுத்துவது நஷ்டம். ஓய்வில் ஃபோனை எடுக்காமல் எழுந்து நடங்கள். ஃபோனை எடுத்தால் ஐந்து நிமிடம் ஐம்பதாகும்.

நடுவில் வரும் யோசனைகளுக்கு ஒரே ஒரு நோட்டு. சிலிண்டர் பதிவு செய்யணும் என்று தோன்றினால் எழுந்து போகாமல், அந்த நோட்டில் எழுதிவிட்டுத் தொடருங்கள். யாராவது நடைபாதையில் நிறுத்தி வேலை சொன்னால், "இதை எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுடுங்க சார், விட்டுப்போகாம பாத்துக்கறேன்" என்று கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

மேலதிகாரியிடம் சொல்லலாமா? இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஏடிஎச்டி தனிப்பெயராக இடம்பெறவில்லை. அதனால் பெயரைச் சொன்னால் உரிமையோடு ஏற்பாடு கிடைத்துவிடும் என்று எண்ணிப் போகாதீர்கள். என் கருத்து: பெயரைச் சொல்லாமலே தேவையைக் கேளுங்கள். சுவரோரம் இடம், எழுத்தில் அறிவுறுத்தல், பெரிய வேலைக்கு நடுவே ஒரு தேதி. வேலை மேம்படும் என்றால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். பெயரைச் சொல்வதை அந்த மனிதரை நன்றாக அறிந்த பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம்.

வீட்டாரோடு

நோய்ப்பெயர் தெரிந்ததும் இரண்டு விபரீதங்கள் நடக்கலாம். "எல்லாத்துக்கும் இதையே சொல்றே" என்று அவர்கள் அலுத்துக்கொள்வது. அவர்கள் செய்ய வேண்டும் என்று நாம் எல்லாவற்றையும் விட்டுவிடுவது. எங்கள் வீட்டில் நாள் குறித்து உட்கார்ந்து வேலைகளைப் பிரித்தோம். தேதி சார்ந்த கட்டணங்கள் கணவர் கைக்குப் போயின. அவர் எரிச்சல்படும் திடீர் வேலைகள், விருந்தாளி வருகை, மருத்துவமனை ஓட்டம் எல்லாம் என்னிடம் வந்தன. நெருக்கடியில் என் மூளை தெளிவாக வேலை செய்யும். நினைவூட்டலுக்கும் ஒரு சொல் முடிவு செய்தோம். "மறுபடி மறந்துட்டியா?" என்பதற்குப் பதில் "காலண்டர் பாத்தியா?" என்பார். கேட்கும் விஷயம் ஒன்றேதான், ஆனால் முதல் கேள்வியில் நான் குற்றவாளி. ஒரு பெண் வீட்டை முழுதாகத் தலையில் தாங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் அன்றுதான் நாங்கள் வாய்விட்டுப் பேசினோம். ஏடிஎச்டி உள்ள பல பெண்களை உடைப்பது அந்தச் சுமைதான் என்று நினைக்கிறேன்.

தூக்கம் கெட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. இரவு ஆக ஆக மூளை விழித்துக்கொள்வது நம்மிடையே சகஜம். ஃபோனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். காலையில் 20 நிமிட வேக நடை எனக்கு முற்பகலைக் காப்பாற்றித் தருகிறது. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் அறிகுறிகள் கூடுவதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான். அந்த வாரத்தில் பெரிய கெடு எதையும் நானாக வைத்துக்கொள்வதில்லை. வண்டி ஓட்டும்போது ஃபோன் பைக்குள் இருக்க வேண்டும். நமக்கு விபத்து ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

எல்லாம் நின்றுபோகும் வாரம்

வரும். மூன்றாவது வாரத்தில் நோட்டு காணாமல் போகும், காலண்டரில் ஒன்பது நாள் கிழிக்காமல் இருக்கும். புதுமை தீர்ந்ததும் நம் மூளை ஒரு முறையைக் கண்ணால் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது. இதை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். நின்றுபோன ஒன்பது நாளையும் ஈடுகட்ட முயலாதீர்கள். ஒன்பது தாளையும் சேர்த்துக் கிழித்துவிட்டு, இன்றைய தாளைப் பாருங்கள். காலண்டரை வேறு சுவருக்கு மாற்றினாலும், நோட்டின் நிறத்தை மாற்றினாலும் மறுபடி கண்ணில் படும்.

"நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நின்றாலோ, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினாலோ, அதை ஏடிஎச்டி கணக்கில் எழுதிப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வு தனியாகச் சிகிச்சை செய்யக்கூடியது. 14416 இரவிலும் எடுப்பார்கள்.

எல்லாப் படியையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. இந்த வாரத்துக்கு ஆணி மட்டும் அடியுங்கள். சாவி 15 நாள் தொடர்ந்து அங்கே தொங்கினால், அடுத்து காலண்டருக்குப் போகலாம்.